நகைச்சுவை பாஸ்: ஓபராவிலும் ஓபரெட்டாவிலும் ஒரு பாடகர் மரபு

ஓபராவின் ஆண்குரல்களில் மிகத் தாழ்ந்து ஒலிப்பது பாஸ். அரசர்கள், பூசாரிகள், பழிவாங்கத் துடிக்கும் தந்தையர், சாத்தான் ஆகிய பாத்திரங்களை இசையமைப்பாளர்கள் இந்தக் குரலுக்குத்தான் எழுதினார்கள். அதே குரலுக்கு இன்னொரு கூட்டமும் உண்டு: இளம்பெண்ணை மணக்கத் துடிக்கும் கிழவர், பேராசைக்காரக் காப்பாளர், போலி மருத்துவர், முணுமுணுக்கும் வேலைக்காரன், தன்னைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஊர்த்தலைவர். இந்தக் கூட்டத்தைப் பாடுவதையே தொழிலாகக் கொண்டவரை இத்தாலியர் பாஸோ பூஃபோ என்பார்கள். சுமார் இரண்டு ஸ்தாயி வீச்சு, அதற்குள் எங்கும் சொல் தெளிவு, மூச்சுவிட இடமில்லாத வேகத்திலும் தாளம் தப்பாமை, முகத்திலும் உடலிலும் நடிப்பு ஆகியவை அவருடைய மூலதனம்.

இந்தப் பாடகரை இசை வரலாறுகள் ஓரத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். பெரும் சோக வேடங்களுக்குக் குரல் போதாதவர்கள் ஒதுங்கும் இடமாகவே நகைச்சுவை பாஸைக் கருதும் போக்கு இன்றும் உள்ளது. முந்நூறு ஆண்டுக் காலச் சான்றுகள் இதற்கு நேர்மாறானவை. இந்த வேடங்களில் நிலைத்தவர்கள் பெரும்பாலும் எதையும் பாடக்கூடிய குரல்வளம் பெற்றவர்கள். கனமான குரல் ஒன்று தன் கனத்தைச் சிறிதும் குறைத்துக்கொள்ளாமல் அற்பமான ஆசையையோ கோபத்தையோ பாடும்போதுதான் சிரிப்புப் பிறக்கிறது. குரலில் கனமே இல்லாதவரிடம் அந்த முரண் எழ வழியில்லை.

மரபின் தொடக்கம் நேப்பிள்ஸ். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உயர்ந்த ஓபராவை ஆண்டவை மேல்ஸ்தாயிக் குரல்கள். வீரர்களையும் காதலர்களையும், சிறுவயதிலேயே விதைநீக்கம் செய்யப்பட்டுக் குரல் உடையாமல் வளர்ந்த காஸ்த்ராத்தோ பாடகர்கள் பாடினார்கள். பாஸுக்கு அங்கே வேலை குறைவு. அவருக்கு இடம் கிடைத்தது அங்கங்களுக்கு இடையே நடிக்கப்பட்ட இன்டர்மெட்ஸோ என்னும் குட்டி நாடகங்களில். பெர்கொலேஸியின் 'லா செர்வா பத்ரோனா' 1733இல் சான் பார்தொலொமேயோ அரங்கில் அவருடையதே ஆன ஒரு பெரிய ஓபராவின் இடைவேளைகளில் அரங்கேறியது. வேலைக்காரி செர்பினா தன் முதலாளி உபெர்த்தோவைத் தந்திரத்தால் மணந்துகொள்ளும் கதை. உபெர்த்தோவைப் பாடிய ஜோக்கீனோ கொர்ராதோ இத்தகைய குட்டி நாடகங்களிலேயே வாழ்க்கை நடத்தியவர். பெரிய ஓபரா மறக்கப்பட்டது, இடைவேளை நாடகம் நின்றது. 1752இல் ஓர் இத்தாலியக் குழு இதைப் பாரிஸில் நடித்தபோது, பிரெஞ்சு இசை உயர்ந்ததா இத்தாலிய இசை உயர்ந்ததா என்ற பெரும் எழுத்துப்போர் மூண்டது. அதில் ரூசோவும் கலந்துகொண்டார்.

உபெர்த்தோவின் பாட்டில் பிற்கால மரபு முழுவதும் கருவாக இருக்கிறது: ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் எரிச்சல், மேலிருந்து கீழே திடீரென்று விழும் சுரங்கள், முடிவெடுக்க முடியாமல் திணறும் மௌனங்கள்.

மோட்ஸார்ட் இந்தக் குரலுக்கு ஆழம் கொடுத்தார். 1782 ஜூலை 16 அன்று வியன்னாவில் அரங்கேறிய 'செரல்யோவிலிருந்து கடத்தல்' என்ற ஓபராவில் ஒஸ்மின் என்ற காவலாளி வருகிறான். அந்த வேடத்தைப் பாடிய லூட்விக் ஃபிஷர் வியன்னா மக்களின் செல்லப்பிள்ளை. அவருடைய கீழ்க்குரலுக்காகவே மோட்ஸார்ட் அந்தப் பாத்திரத்தை மூலப்பிரதியில் இருந்ததைவிடப் பெரிதாக்கினார். பியானோவின் நடு 'சி'க்கு ஏறத்தாழ இரண்டு ஸ்தாயி கீழே இருக்கும் 'டி' சுரம்வரை ஒஸ்மின் இறங்க வேண்டும். 1781 செப்டம்பரில் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் மோட்ஸார்ட் தம் கணக்கை விளக்கியிருக்கிறார். ஒஸ்மினின் கோபம் எல்லை மீறுகிறது. ஆகவே இசையும் சுருதி நிலையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் எவ்வளவு வெறியிலும் இசை காதை நோகடிக்கக் கூடாது என்பதால், வெகுதொலைவிலுள்ள நிலைக்குப் போகாமல் அருகிலுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்ததாக அவர் சொல்கிறார். நகைச்சுவை இசை பற்றி ஓர் இசையமைப்பாளர் எழுதியவற்றில் இதைவிடத் தெளிவான குறிப்பு அரிது.

வியன்னாவில் மோட்ஸார்ட்டுக்குக் கிடைத்த இன்னொரு பாடகர் ஃபிரான்செஸ்கோ பெனுச்சி. 1786இல் முதல் ஃபிகாரோ, 1788இல் வியன்னாவின் முதல் லெப்பொரெல்லோ, 1790இல் முதல் குல்யெல்மோ எல்லாம் அவரே. முழுக்குரலும் இயல்பான நடிப்பும் ஒருவரிடமே அமைந்தால் வேலைக்காரன் நாடகத்தின் மையத்துக்கே வந்துவிடுவான் என்பதற்கு ஃபிகாரோ சாட்சி. 1792இல் அதே நகரில் அரங்கேறிய சிமரோசாவின் 'ரகசியத் திருமணம்' காது மந்தமான வணிகர் ஜெரோனிமோவை இந்த வரிசையில் சேர்த்தது.

ரொஸ்ஸினியிடம் வேலை கடினமாகிறது. 1813இன் 'அல்ஜியர்ஸில் இத்தாலியப் பெண்', 1816இன் 'செவில் நகர நாவிதன்', 1817இன் 'செனெரென்தொலா' மூன்றிலும் நகைச்சுவை பாஸ் தூண்போல நிற்கிறார். 'நாவிதன்' ஒன்றிலேயே இரண்டு வகை இருக்கிறது. இசை ஆசிரியர் பஸீலியோ அவதூறு எப்படிப் பரவுகிறது என்று விளக்கும் பாட்டு ஒரு முணுமுணுப்பில் தொடங்கிப் பீரங்கி வெடிப்பாக முடிகிறது. அங்கே தேவைப்படுவது குரலைச் சேமித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் நிதானம். மருத்துவர் பார்தொலோவின் பாட்டோ வேறு பயிற்சி கேட்கிறது. முதல் பகுதி கம்பீரமான கண்டிப்பு; பிறகு வேகம் கூடி, ஒரே சுரத்திலோ பக்கத்துச் சுரங்களிலோ அசைகள் கொட்டத் தொடங்குகின்றன. இசையில் ஏற்ற இறக்கம் குறைந்துவிடுவதால் முழுச் சுமையும் நாக்குக்கும் உதட்டுக்கும் வந்துவிடுகிறது.

இந்த வேகப் பாட்டின் நுட்பம் கேட்பவருக்கு எளிதில் தெரிவதில்லை. தாழ்ந்த குரலில் மெய்யெழுத்துகள் மங்கும். அடித்தொண்டையின் அதிர்வு சொல்லை விழுங்கிவிடும். எனவே பாடகர் குரலின் கருமையைச் சற்றுக் குறைத்து ஒலியை முன்வாய்க்குக் கொண்டுவருகிறார், மெய்யெழுத்துகளைத் தாளத்தின் முனையில் வைக்கிறார், மூச்சை எங்கே திருடுவது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்கிறார். வாத்தியக் குழுவைவிட ஓர் இழை முந்தினாலும் சிரிப்பு போய்விடும், பிந்தினாலும் போய்விடும். பார்தொலோவின் பாட்டு பலரால் பாட முடியாததாகவே இருந்தது. 1816லேயே ஃபிளாரன்ஸ் நகர நிகழ்ச்சிக்காக பியெத்ரோ ரொமானி எளிதான மாற்றுப்பாட்டு ஒன்றை எழுதினார். ரொஸ்ஸினியின் பாட்டை நீக்கி அதையே பாடும் வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

இந்த வேடங்களின் புகழ் உச்சம் தொட்டது லூயீஜி லப்லாஷின் காலத்தில். 1794இல் நேப்பிள்ஸில் பிரெஞ்சுத் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்தவர் அவர். 1812இல் அந்நகரின் சிறிய சான் கார்லீனோ அரங்கில், உள்ளூர்ப் பேச்சில் நகைச்சுவை பாடுபவராகத் தொடங்கினார். 1827இல் பீத்தோவனின் இறுதி ஊர்வலத்தில் அவர் கலந்துகொண்டார். மோட்ஸார்ட்டின் ரெக்வியம் என்னும் இரங்கல் வழிபாட்டு இசையில் பாடினார். அதே ஆண்டு ஷூபர்ட் மூன்று இத்தாலியப் பாடல்களை அவருக்குக் காணிக்கையாக்கினார். 1830இல் லண்டனில் முதன்முறை தோன்றியபோது பாடியது சிமரோசாவின் ஜெரோனிமோ. பெல்லினியின் 'பியூரிட்டன்கள்' ஓபராவில் கனிவான ஜோர்ஜோவை 1835இல் முதலில் பாடியவரும் அவர்தான். 1836 முதல் வருங்கால அரசி விக்டோரியாவுக்கு இசை ஆசிரியர். 1849இல் ஷோப்பனின் இறுதிச் சடங்கிலும் ரெக்வியம் பாடினார். இந்தப் பட்டியலில் நகைச்சுவையும் துக்கமும் மாறி மாறி வருவதைக் கவனிக்க வேண்டும். 1843 ஜனவரி 3 அன்று பாரிஸில் தொனிஸெத்தியின் 'தோன் பஸ்குவாலே' அரங்கேறியபோது தலைப்பு வேடம் அவருடையது. ஓர் இளம்பெண்ணை மணந்து ஏமாறும் கிழவரின் கதை அது. அவள் அவரை அறையும் கணத்தில் தொனிஸெத்தி சிரிப்பை நிறுத்திவிட்டு வலியை எழுதுகிறார். லப்லாஷ் போன்ற பாடகர் கையில் இருந்ததால்தான் ஓர் இசையமைப்பாளர் அப்படி எழுதத் துணிந்தார் என்று கொள்ளலாம். 1832இன் 'காதல் மருந்து' தந்த ஊர்சுற்றி மருந்துவியாபாரி துல்கமாராவோடு சேர்த்து, இத்தாலிய நகைச்சுவை பாஸின் பெரும் வேடங்கள் ஏறத்தாழ இங்கே முடிகின்றன. அடுத்த அரை நூற்றாண்டில் இத்தாலியில் சோகநாடகமே ஓங்கியது. 1893இல் வெர்டி தம் முதுமையில் 'ஃபால்ஸ்டாஃப்' எழுதியபோது தலைப்பு வேடத்தைப் பாஸுக்குச் சற்று மேலான பாரிடோன் குரலுக்குக் கொடுத்தார்.

வேடங்கள் வடக்கே நகர்ந்தன. லோர்ட்ஸிங்கின் 'ஜாரும் தச்சனும்' (1837) ஓபராவில் ஜாரை வரவேற்கும் பாட்டுக்கு ஊராரைப் பயிற்றுவிக்கும் மேயர் வான் பெட், நிக்கொலாயின் ஃபால்ஸ்டாஃப் (1849), ஸ்மெத்தனாவின் 'விற்கப்பட்ட மணமகள்' (1866) தந்த கல்யாணத் தரகர் கேட்சல் ஆகியோர் ஜெர்மன், செக் மேடைகளின் சொத்து. ஜெர்மன் நாட்டு அரங்குகள் பாடகர்களைக் குரல்வகையும் வேடவகையும் பார்த்துச் சம்பளத்துக்கு அமர்த்தும் முறையைக் கொண்டவை. நகைச்சுவை பாஸ் அங்கே ஒரு நிரந்தரப் பதவி. ஒரு சிறு நகர அரங்கில் சேர்ந்தவர் இந்த வாரம் மோட்ஸார்ட்டும் அடுத்த வாரம் லோர்ட்ஸிங்கும் ஆண்டு முடிவில் ஓபரெட்டாவும் பாடியபடி குடும்பம் நடத்தலாம். ஓபராவுக்கும் ஓபரெட்டாவுக்கும் நடுவே பிற நாடுகள் எழுப்பிய சுவர் அங்கே தாழ்வானது. மில்லக்கரின் 'பிச்சைக்கார மாணவன்' (1882) படைத்த கர்னல் ஒல்லென்டார்ஃப், அவமானப்பட்ட பெரியமனிதரின் ஆத்திரத்தை வால்ட்ஸ் தாளத்தில் பாடுவது இதே பதவிக்காரரின் வேலைதான்.

இந்த வட்டாரத்தின் சிகரம் ரிஹார்ட் ஷ்ட்ராவுஸின் 'ரோஜா வீரன்' (1911) ஓபராவில் வரும் பிரபு ஓக்ஸ். முரட்டுத்தனமும் பிறப்புத் திமிரும் கொண்ட இந்த நாட்டுப்புறப் பிரபுவை வியன்னாவின் ரிஹார்ட் மய்ருக்காகவே ஷ்ட்ராவுஸ் மனத்தில் வரைந்தார். ஆயினும் டிரெஸ்டன் அரங்கேற்றத்தில் வேறொருவர் பாட நேர்ந்தது, மய்ர் அதே ஆண்டு வியன்னாவில் பாடினார். சால்ஸ்பர்க் அருகே ஹென்டார்ஃபில் பிறந்து மருத்துவம் படித்த மய்ர், 1902 முதல் 1935இல் இறக்கும்வரை வியன்னா ஓபராவின் பாடகர். வாக்னரின் ஹாகெனையும் பாடினார், ஷ்ட்ராவுஸின் 'நிழலற்ற பெண்' ஓபராவில் சாயத்தொழிலாளி பராக்கை 1919இல் முதலில் பாடியவரும் அவர்தான். ஓக்ஸ் இரண்டாம் அங்கத்தின் முடிவில் ஒரு கீழ் 'ஈ' சுரத்தை நீண்ட நேரம் நிறுத்த வேண்டும். மய்ர் 1933இல் லோத்த லேமனுடன் செய்த சுருக்கப் பதிவில் அந்த மனிதரின் அசிங்கமும் கவர்ச்சியும் ஒன்றாகவே கேட்கின்றன.

இங்கிலாந்தில் இந்தத் தொழில் வேறு உருவம் எடுத்தது. கில்பர்ட்டும் சல்லிவனும் டாய்லி கார்ட் குழுவுக்காக எழுதிய ஓபரெட்டாக்களில் வேகப்பாட்டு பாடும் சிறு நகைச்சுவைக்காரர் ஒருவர், கனத்த குரலில் மிரட்டும் பாஸ் இன்னொருவர் என்று வேலை பிரிந்தது. பாஸின் பங்கு சிரிக்கவைக்க முயலாமல் சிரிக்கவைப்பது. முதல் தலைமுறையில் இந்த வேடங்களைப் பாடிய ரிச்சர்ட் டெம்பிள் கடுமையான ஓபராவிலிருந்து வந்தவர். 'பினஃபோர்' (1878) தந்த டிக் டெட்ஐ, கடற்கொள்ளை அரசன், பிறகு 'மிக்காடோ' (1885) என்று அவருடைய வரிசை நீள்கிறது. தண்டனை குற்றத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்று மிக்காடோ மன்னர் மகிழ்ச்சியோடு விளக்கும் பாட்டைக் கடைசி ஒத்திகையில் கில்பர்ட் நீக்கிவிட்டார். குழுப்பாடகர்கள் கூடி வேண்டிக்கொண்ட பிறகே அது திரும்பி வந்தது. இன்று அந்த ஓபரெட்டாவை அந்தப் பாட்டு இல்லாமல் எண்ணிப்பார்க்க முடியாது.

டேரல் ஃபேன்கோர்ட் 1920இல் இக்குழுவில் சேர்ந்து 1953வரை பாடினார். மிக்காடோவாக மட்டும் மூவாயிரம் தடவைக்கு மேல் தோன்றினார். அந்தப் பாட்டுக்குள் ஒரு கொடூரச் சிரிப்பைச் சேர்த்தவர் அவரே. அது வேடத்தின் பகுதியாகவே நிலைத்துவிட்டது. ஓய்வுபெற்ற சில வாரங்களில் அவர் காலமானார். பெரிய ஓபரா அரங்கின் பாடகர் ஒரு நிகழ்ச்சிக்கும் மற்றொன்றுக்கும் நடுவே சில நாள் குரலுக்கு ஓய்வு கொடுப்பார். ஊர் ஊராகப் போகும் ஓபரெட்டாக் குழுவில் அந்த வசதி கிடையாது. பெரும்பாலும் இரவுதோறும் மேடை, சில நாள் பகலிலும். இப்படி முப்பது ஆண்டு தாக்குப்பிடிக்கும் குரலுக்குப் பின்னால் இருப்பது மிக ஒழுங்கான அடிப்படைப் பயிற்சி. ஓபரெட்டாவை இலகுவான வேலை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஃபேன்கோர்ட்டுக்குப் பின் வந்த டொனால்ட் ஆடம்ஸின் வாழ்க்கை இந்தத் தொழிலின் முழு வட்டத்தையும் காட்டுகிறது. 1928இல் பிரிஸ்டலில் பிறந்தவர். சிறுவனாக வூஸ்டர் தேவாலயத்தில் பாடி, பிறகு நடிகராக இருந்து, 1951இல் டாய்லி கார்ட் குழுவில் சேர்ந்தார். 1953 முதல் 1969வரை பாஸ் வேடங்கள் அவருடையவை. 1967இல் வெளிவந்த 'மிக்காடோ' திரைப்படத்திலும் அவரைப் பார்க்கலாம். ஃபேன்கோர்ட்டின் சிரிப்பை அப்படியே நகலெடுக்காமல் தமக்கேற்ற ஒன்றை ஆடம்ஸ் உருவாக்கினார். மரபைப் பெறுவதும் மாற்றுவதும் ஒரே வேலையாகும் இடம் இது. சகபாடகர் தாமஸ் ரவுண்டு உள்ளிட்டோருடன் தொடங்கிய தனிக்குழுவோடு பல நாடுகள் சுற்றினார். அத்தோடு அவர் கதை முடிந்தது என்று பலர் நினைத்திருக்கக்கூடிய வயதில் ஓபரா அரங்குகள் கதவைத் திறந்தன. 1983இல் பீட்டர் செல்லர்ஸ் இயக்கத்தில் சிகாகோ லிரிக் ஓபரா 'மிக்காடோ'வை மேடையேற்றியபோது மன்னராக அவர் பாடினார். அதன் பிறகு கோவன்ட் கார்டன், வேல்ஸ் தேசிய ஓபரா, கிளைண்ட்போர்ன் ஆகிய அரங்குகள் அவரை அழைத்தன. 1988இல் கிளைண்ட்போர்னில் யானாச்செக்கின் 'காத்யா கபானோவா' ஓபராவில் கொடுமைக்கார வணிகர் திக்கோயாக நடித்தார். வேல்ஸில் ஓக்ஸைப் பாடினார். ஓபரெட்டாவில் முப்பது ஆண்டு சொல்லைக் கூர்தீட்டியவருக்கு ஷ்ட்ராவுஸின் அடர்ந்த உரையாடல் இசை அந்நியமாக இருக்கவில்லை. 1996இல் இறக்கும்வரை அவருக்கு வேலை இருந்தது.

ஆடம்ஸின் பிற்கால எழுச்சி விதிவிலக்கன்று. தாழ்ந்த குரல்கள் தாமதமாக முதிர்பவை. முப்பதுகளின் நடுவில்தான் பல பாஸ் பாடகர்களுக்கு நிறம் நிலைபெறுகிறது. காதலனைப் பாடும் டெனருக்கு வயது எதிரி. கிழவரையும் காப்பாளரையும் பாடுபவருக்கோ நரையும் பருமனும் ஒப்பனைச் செலவைக் குறைக்கின்றன. மேல்சுரங்கள் தேய்ந்தாலும் நாடக அறிவு வளர்கிறது. வேடத்தின் வயதை நோக்கிப் பாடகர் வளரும் தொழில்கள் ஓபராவில் மிகக் குறைவு.

இத்தாலியில் இந்த மரபைத் தாங்கிய சால்வதோரே பக்கலோனி 1900இல் ரோமில் பிறந்தார். சிஸ்டைன் தேவாலயத்தின் சிறுவர் பாடகர், கட்டடக்கலை மாணவர், 1922இல் பார்தொலோவாக அறிமுகம், 1926 முதல் லா ஸ்காலா. நகைச்சுவை வேடங்களில் முழுமையாக இறங்கும்படி அவருக்கு ஆலோசனை சொன்னவர் தொஸ்கனினி. அந்தக் கண்டிப்பான நடத்துநர் இதைத் தோல்வியுற்றோரின் புகலிடமாக நினைத்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். 1930களின் பிற்பகுதியில் கிளைண்ட்போர்ன், 1940 முதல் 1962வரை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் என்று பக்கலோனி வலம்வந்தார். அமெரிக்காவில் நகைச்சுவை பாஸ் ஒருவர் பெயரைப் பார்த்து மக்கள் டிக்கெட் வாங்கியது அவர் காலத்தில்தான்.

பக்கலோனியின் இடத்தை நிரப்பியவர் ஜெனீவாவில் பிறந்து, இறையியல் படிப்பை விட்டுப் பாட வந்த ஃபெர்னாண்டோ கொரேனா. 1954இல் மெட்ரோபாலிட்டனில் லெப்பொரெல்லோவாகத் தொடங்கினார். குரல் பெரியது, சுவையும் உண்டு. ஆனால் தலைமுறைகளாகச் சேர்ந்த மேடைச் சேட்டைகள், சுரத்தை விட்டுப் பேசிவிடும் பழக்கம், எழுதப்படாத தும்மல்களும் இருமல்களும் இந்தத் தலைமுறையில் மிகுந்திருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திருத்தம் நூலகத்திலிருந்து வந்தது. 1969இல் அல்பெர்த்தோ ஸெத்தா 'நாவிதன்' ஓபராவின் மூலப்பிரதியை ஆராய்ந்து செம்பதிப்பு வெளியிட்டார். நடத்துநர் கிளாவுதியோ அப்பாதோ அதை வைத்து 1971இல் செய்த இசைப்பதிவில் பார்தொலோவாகப் பாடியவர் மந்துவா நகரின் என்ஸோ தாரா, முன்னாள் பத்திரிகையாளர். ரொஸ்ஸினி எழுதிய ஒவ்வொரு அசையையும் அதன் சுரத்தோடும் நேரத்தோடும் தாரா பாடிக்காட்டினார். சேட்டைகள் இல்லாமலே மக்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சேட்டையை நம்பிப் பிழைப்பது கடினமாகிவிட்டது. பெசாரோ ரொஸ்ஸினி விழா இந்தத் துல்லியத்தைப் பொது அளவுகோலாக்கியது.

அண்மைக்கால மாற்றங்களில் மேடைக்கு மேலே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகள் முக்கியமானவை. 1983 ஜனவரியில் டொரான்டோவில் தொடங்கிய இந்த ஏற்பாடு உலகெங்கும் பரவியது. சோக ஓபராவுக்கு இது வரம். நகைச்சுவை பாஸுக்கோ இரட்டைமுனைக் கத்தி. வரி முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பாடகர் வாய்திறக்கும் முன்னரே அரங்கு சிரித்துவிடும்; அவர் காத்துவைத்த இடைவெளி வீணாகும். டாய்லி கார்ட் குழு 1982இல் மூடப்பட்டதால் ஆண்டு முழுதும் ஓபரெட்டா பாடிப் பழகும் பள்ளிக்கூடம் ஒன்றும் இங்கிலாந்தில் இல்லாமல் போயிற்று. ஜெர்மன் நாட்டு அரங்குகளின் நிரந்தரப் பதவிகள்தான் இந்த மரபுக்கு இன்று மிச்சமுள்ள பயிற்சிக் களம். அவை சுருங்காமல் காக்கப்பட வேண்டும்; அந்தக் களம் போனால் பார்தொலோவைப் பாட ஆள் கிடைப்பார், பார்தொலோவாகவே முதிர்ந்த ஆள் கிடைக்கமாட்டார்.

இந்தக் குரலைக் கேட்டறிய விரும்பும் வாசகர் இரண்டு பதிவுகளிலிருந்து தொடங்கலாம். அப்பாதோவின் 'நாவிதன்' பதிவில் வரும் என்ஸோ தாரா, சார்ல்ஸ் மக்கேரஸ் நடத்திய 1990களின் 'மிக்காடோ' பதிவில் அறுபது வயதைக் கடந்த டொனால்ட் ஆடம்ஸ். கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டு, பாட்டுவரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.